கழிக்க மறந்த ஒரு இன்ச்

தையல்காரரின் தங்கைக்குப் பெற்றோர் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்கிற பிள்ளை என்பதால் அண்ணன் அவளைத் 'துருவி' என்று கூப்பிட, வீடும் தெருவும் அதையே பிடித்துக்கொண்டன. "மழை மேலேருந்துதானே பெய்யுது? அப்புறம் சுவரு ஏன் அண்ணா கீழேருந்து நனையுது?" என்று ஆறு வயதில் கேட்டாள். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் அண்ணன். அவருக்குப் பதில் தெரியவில்லை. "நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். அவள் படித்தாள், நர்ஸ் ஆனாள். சுவர் ஏன் கீழேயிருந்து நனைகிறது என்பதையும் ஒரு நாள் வந்து சொன்னாள். அவருக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனாலும் அன்று கடைக்கு வந்த ஏழு பேருக்கும் அதை விளக்கித்தான் அனுப்பினார்.

துருவி வேலை பார்ப்பது பஸ் திரும்புகிற முனையில் இருக்கும் நான்கு அறை சுகாதார நிலையத்தில். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். வாசல் பெஞ்சில் இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கடைசியில் வயிற்றின் அளவு. பிரசவத்துக்கு எல்லோரும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். அதுவரைக்கும் அவர்கள் துருவியின் பொறுப்பு.

வயிற்றை எப்படி அளக்கிறாள் என்று அண்ணனுக்கு ஒரே ஆவல். அளப்பது அவருடைய தொழில் அல்லவா? ஒரு நாள் அவள் கட்டிங் மேசையில் தலையணையைப் போட்டுக் காட்டினாள்.

"இங்க கீழ எலும்பு. இங்க மேல கருப்பையோட உச்சி. டேப்பை இங்கேருந்து இதுவரைக்கும் போடணும். இருபத்து நாலு வாரத்துக்கு அப்புறம் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும். ரெண்டு சென்டிமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். அதுக்கும் கீழ போச்சுன்னா புள்ள சரியா வளரலையோன்னு பார்க்கணும்."

"சரி. ஏன் டேப்பைத் தலைகீழாப் போடறே? நம்பர் தலையணையைப் பார்க்குதே?"

"நம்பரைப் பார்த்துக்கிட்டே அளந்தா, கை நாம நினைக்கிற நம்பர்ல போய் நின்னுக்கும் அண்ணா. முப்பது வாரம்னு தெரிஞ்சா முப்பதுல நிக்கும். அதனால சென்டிமீட்டர் பக்கத்தைத் தோலோட வச்சு அளந்துட்டு, மேல் முனையில விரலை அழுத்திப் பிடிச்சு, அப்புறம்தான் திருப்பிப் பார்க்கணும்."

அண்ணன் அசந்துபோனார். "நான் நம்பரைப் பார்க்காம அளந்தேன்னா நாளைக்கே கடையைப் பூட்டிட வேண்டியதுதான்" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கும் கடைக்கு வந்தவர்கள் யாரும் அந்த விளக்கத்திலிருந்து தப்பவில்லை.

சுகாதார நிலையத்து டேப் கிழிந்துபோனது போன வருடம். மேலிடத்திலிருந்து வந்த புது டேப் பிளாஸ்டிக். விறைப்பாக, சில்லென்று இருந்தது. வயிற்றில் பட்டதும் பெண்கள் நெளிந்தார்கள். "உன்கிட்ட மெத்துனு ஒண்ணு இருந்தா குடேன்" என்று துருவி கேட்டாள். அண்ணன் ஆணியில் தொங்கிய டேப்புகளை எல்லாம் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பதினைந்து வருடம் அவருடைய விரல்களிலேயே புரண்டு பட்டுப்போல் ஆகிவிட்ட ஒரு துணி டேப்பைத் தேர்ந்தெடுத்தார். சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, சுருட்டி, ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

"வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைக்குக்கூட உறுத்தாது, போ."

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். "கட்டிக்கிட்டு வந்தவளுக்கு இத்தனை வருஷத்துல ஒரு டேப்பைக்கூட இஸ்திரி போட்டுக் குடுத்ததில்ல" என்றாள்.

அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் சங்கதி ஆரம்பித்தது.

துருவியிடம் அரசாங்கப் பதிவேடு போக, சொந்தமாக ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். எந்த வாரத்தில் வயிறு எவ்வளவு, தாயின் எடை எவ்வளவு ஏறியது, ரத்தம் எவ்வளவு, கடைசியில் குழந்தை எத்தனை கிலோவில் பிறந்தது. இதை எழுதச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் அந்த நோட்டோடு கடைக்கு வந்து, கட்டிங் மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு விஷயம் இடிக்குது. ரெண்டரை கிலோவுக்குக் கீழ பிறந்தா எடை குறைவுன்னு கணக்கு. போன வருஷம் அப்படி நாலு குழந்தை. அதுல மூணை, வயித்தை அளக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. முன்னாடியே டாக்டரம்மாகிட்ட அனுப்பிட்டேன். இந்த எட்டு மாசத்துல ஒன்பது குழந்தை. ஒண்ணுகூட எனக்கு முன்னாடி தெரியல. ஒன்பது பேருக்கும் வயிறு சரியா இருக்குன்னுதான் எழுதியிருக்கேன். ஒன்பதும் எப்படி என் கையிலேருந்து தப்பும்?"

"உன் கையில தப்பே வராதும்மா" என்றார் அண்ணன், பார்க்காமலேயே.

"அதைத்தான் நானும் நம்பிக்கிட்டிருக்கேன். அதனாலதான் பயமா இருக்கு."

அந்தப் பேச்சை இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிற பெண். ஆள் சின்னதாக இருப்பதாலும் செய்கிற வேலையாலும் அவளுக்குப் பட்டன் என்று பெயர். முதல் பிரசவம், முப்பத்திரண்டாவது வாரம். போன செவ்வாய்க்கிழமைதான் துருவி அவளை அளந்து, "முப்பத்தொண்ணரை, ஜோரா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பட்டன் ஊசியை நிறுத்தி, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"உனக்குச் சரியா இருக்கு" என்றாள் துருவி. சொன்ன பிறகு நோட்டில் பட்டனின் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். வயிறு சரி. ஆனால் நான்கு வாரமாகத் தாயின் எடை ஏறவே இல்லை.

துருவி முதலில் சந்தேகப்பட்டது தராசை. குழந்தைகளை நிறுத்துகிற தராசு குறைத்துக் காட்டினால்? மறுநாளே இரண்டு கிலோ சர்க்கரையை, முத்திரை பிரிக்காத இரண்டு பொட்டலங்களாக எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனாள். துணைக்கு அண்ணன். பிரசவ வார்டில் இருந்த மூத்த நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னம்மா, இரட்டைக் குழந்தையா? பேரு வச்சாச்சா?"

"எடையைப் பார்த்துட்டு வைக்கலாம்னு இருக்கோம்" என்றார் அண்ணன்.

இரண்டு கிலோ பத்து கிராம் காட்டியது. பத்து கிராம் உறைக்குப் போய்விடும். தராசு யோக்கியம்.

அடுத்த சந்தேகம் தேதி. கடைசி மாதவிலக்குத் தேதியைப் பெண்கள் மாற்றிச் சொல்லியிருந்தால் வாரக் கணக்கு தப்பும். ஒன்பது வீட்டுக்கும் போய்க் கேட்டாள். ஏழு பேர் காலண்டரில் குறித்ததைக் காட்டினார்கள். அதுவும் இல்லை. பிறகு தன் கையையே சந்தேகப்பட்டாள். பக்கத்து நிலையத்து நர்ஸைக் கூட்டிவந்து, ஒரே பெண்ணை இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அளந்தார்கள். இருவருக்கும் ஒரே எண். ஒரே டேப்பில்தானே அளந்தார்கள்! ஆனால் அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கடையில் இதே பேச்சு. அண்ணனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். அவரிடம் சட்டை தைக்க வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம், "என் தங்கச்சி ஒரு மர்மத்தைக் கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்த மர்மம் தன் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அளக்கிற அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. அதற்கு ஒரு திரை வேண்டும் என்று துருவி கேட்டிருந்தாள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். வந்த பிறகுதான் டேப் எடுத்து வரவில்லை என்று தெரிந்தது.

"தையல்காரருக்கு நர்ஸ் டேப் கடன் கொடுக்கிற காலம் வந்துடுச்சு பாரு" என்று துருவி மேசை இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பழைய கூட்டாளியைப் பார்த்தது போல் அண்ணன் அதை உருவினார். ஜன்னலின் ஒரு மூலையில் நுனியை வைத்து அவளைப் பிடிக்கச் சொன்னார். இன்ச் பக்கத்தை மேலே வைத்து மறுமூலைக்கு இழுத்தார். துருவி பென்சிலோடு காத்திருந்தாள்.

"நாற்பத்தெட்டு. எழுதிக்கோ."

எதையும் தன் கண்ணால் பார்க்காமல் எழுதுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நுனியை விடாமலேயே எட்டிப் பார்த்தாள்.

"நாற்பத்தொன்பதுன்னு இருக்கே அண்ணா?"

"ஆமா, நாற்பத்தொன்பது. ஒண்ணு போக நாற்பத்தெட்டு."

"எதுக்கு ஒண்ணு போகணும்?"

"இந்த டேப்புக்கு ஒரு இன்ச் கழிக்கணும்லம்மா. முன்னாடி நுனி நைஞ்சு போச்சுன்னு நான்தானே சரியா ஒரு இன்ச் கோட்டுல வெட்டி..."

அவர் கண் துருவி பிடித்திருந்த நுனிக்குப் போனது.

நுனியில் பித்தளைத் தகடு போட்டு அழுத்தியதும் அவர்தான். பத்து வருடத்துக்கு முந்தைய வேலை. கடையில் அந்த டேப்பை எடுத்தால் ஒன்றைக் கழிப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கண் நாற்பது என்று பார்க்கும், வாய் முப்பத்தொன்பது என்று சொல்லும். நடுவில் மனசு என்று ஒன்று வேலை செய்வதே இல்லை. அதனால்தான் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தபோதும் அலசியபோதும் இஸ்திரி போட்டபோதும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த டேப்பில் இரண்டு பக்கமும் ஒரே நுனியிலிருந்துதான் தொடங்கும். துருவியோ எண் பக்கத்தைத் தோலோடு மறைத்து வைத்து, நுனியைக் கட்டைவிரலால் மூடி, மேல் முனையை மட்டும் பார்க்கிறவள்.

அவள் கட்டைவிரலை எடுத்தாள். தகட்டை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சென்டிமீட்டர் பக்கத்தில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. மூன்றுதான் முதல் எண்.

"ரெண்டரை சென்டிமீட்டர்" என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு வயித்துலயும் ரெண்டரை சென்டிமீட்டர் கூட எழுதியிருக்கேன்."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்னைத் திட்டு. நாலு வார்த்தை திட்டிடு" என்றார்.

"அப்புறம் திட்டறேன். ஏன் எனக்குத் தோணல? தராசைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். டேப்பைப் பார்க்கல. நீ குடுத்ததுங்கிறதால பார்க்கல" என்றவள், அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள். பட்டனின் பக்கம். முப்பத்தொன்றரையில் இரண்டரை போனால் இருபத்தொன்பது. அளந்தபோதே வாரம் முப்பத்திரண்டு, இப்போது முப்பத்து மூன்று. "அண்ணா, சைக்கிளை எடு."

பட்டனின் வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது சந்தில். மாமியார் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே பேசுவது காதில் விழுந்தது. துருவி புது பிளாஸ்டிக் டேப்பால் அளந்தாள். இருபத்தொன்பதரை. பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள். டேப் வெட்டியது, தான் கவனிக்காதது, இதுவரை சொன்ன எண் எல்லாம் தப்பு என்பது.

பட்டனுக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

"நீங்கதானே அக்கா ஒவ்வொரு தடவையும் ஜோரா இருக்குன்னு சொன்னீங்க? புள்ள பெருசாயிட்டா வயித்தைக் கிழிச்சுத்தான் எடுப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஜோரா வளருதேன்னு பயந்துதான் நான் சாயங்காலச் சாப்பாட்டையே விட்டுட்டேன். ஒரு மாசமா!"

வாசலில் நின்ற அண்ணனுக்கு அது நெஞ்சில் ஊசி இறங்கியது போல் இருந்தது.

"யாரு சொன்னது கிழிப்பாங்கன்னு?" என்றாள் துருவி.

துணி உலர்த்திய மாமியார் கொடியில் இருந்த ஒரே துண்டை மூன்றாவது முறையாக உதறினார்.

"சாப்பாட்டைக் குறைச்சா பிரசவம் சுலபமாகாதும்மா. புள்ளைக்குத்தான் கஷ்டம். எடை குறைஞ்ச புள்ளைக்கு உடம்புச் சூடு நிக்காது, பால் இழுக்கத் தெம்பு இருக்காது. நான் சொன்னது தப்பு, அதை நம்பினது உன் தப்பில்ல. இப்பக் கிளம்பு, டாக்டரம்மாகிட்டப் போகலாம்."

டாக்டரம்மா முதலில் துருவியைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "நீயா இப்படி?" என்று ஒரே கேள்வி. துருவி டேப்பை மேசையில் வைத்து, எட்டு மாத நோட்டையும் பக்கத்தில் வைத்தாள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டப் புரட்ட முகம் தணிந்தது. "இதை நீயா வந்து சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். "தெரியாம இருந்தா பத்தாவதும் தப்பியிருக்கும் டாக்டர்" என்றாள் அவள்.

ஸ்கேனில் குழந்தை ஒரு கிலோ நானூறுதான் இருந்தது. வாரத்துக்கு மிகக் குறைவு. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல். பட்டனுக்கு ரத்தம் ஒன்பதுக்கும் கீழே. இரும்புச்சத்து மாத்திரையை வாய் கசக்கிறது என்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும், பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு நடுவில் இரண்டு தரம் ஏதாவது உள்ளே போக வேண்டும், பிரசவம் பெரிய மருத்துவமனையில் குழந்தைப் பிரிவு இருக்கிற இடத்தில்தான் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கத் துருவி நடையாக நடந்தாள். கணக்கில் இருந்த மற்ற இருபத்திரண்டு கர்ப்பிணிகளையும் வீடு தேடிப் போய் மறுபடி அளந்தாள். இன்னும் இருவருக்கு அளவு குறைவு, அவர்களையும் அனுப்பினாள். ஒவ்வொரு வீட்டிலும் தன் தப்பை முதலில் சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுத்தாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள்; மறுநாள் மறுபடி போய்த் தட்டினாள். அண்ணன் சைக்கிளோடு தெருமுனையில் நின்றிருப்பார். "நான் வந்து சொல்றேன், வெட்டினது நான்தானே" என்று கேட்டுப் பார்த்தார். "அளந்தது நான்" என்றாள்.

கடையில் பட்டனுக்கு முதுகு சாய்கிற நாற்காலி வந்தது. பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை கிடையாது. மாஸ்டர் என்று அவள் கூப்பிடுகிற அண்ணனோடு பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் வற்புறுத்திப் பேசவைக்கவில்லை. பதினொன்றாவது நாள் அவளாகவே, "மாஸ்டர், உங்க தங்கச்சி கொடுமை தாங்கல. நான் என்ன சாப்பிட்டேன்னு கேட்கலாம், எத்தனை வாய் சாப்பிட்டேன்னு கேட்கிறாங்க" என்றாள்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நான் முப்பது வருஷமாத் தாங்கறேன்."

"இன்னிக்குப் புள்ள நல்லா உதைச்சுது" என்றாள் பட்டன், யாரிடமோ சொல்வது போல. அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை தடவை?" என்று கேட்டார். "பாருங்க, குடும்பமே இப்படித்தான்" என்று அவள் சிரித்துவிட்டாள்.

முப்பத்தெட்டு வாரம் முடிந்து இரண்டாவது நாள் பட்டனுக்குப் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். இரண்டு கிலோ நானூற்று நாற்பது.

"அறுபது கிராம்தான் குறைச்சல்!" என்றார் அண்ணன். "கைக்குட்டை நாலு வச்சா அறுபது கிராம். ரெண்டரைன்னே எழுதிடக் கூடாதா?"

துருவி அவரைப் பார்த்த பார்வையில், அந்தப் பேச்சை அவரே விழுங்கிக்கொண்டார்.

எடை குறைந்த குழந்தை என்றே எழுதி, அதற்கேற்பக் கவனித்தார்கள். குழந்தையைத் தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டுத் தாயின் வெறும் மார்பில் ஒட்டி வைத்து, மேலே போர்த்திவிட்டார்கள். பட்டன் அசந்த நேரத்தில் அவள் கணவன் சட்டையைக் கழற்றிவிட்டு அதே மாதிரி வைத்துக்கொண்டான். இரண்டு மணிக்கொரு தரம் பால். பார்க்கப் போன அண்ணனை மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன் தம்பி, நல்லா சாப்பிடுடீன்னு. எங்க கேட்டா?" என்றார். அண்ணன் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் மூன்று நாளில் குழந்தையின் எடை நூற்றுப் பத்து கிராம் இறங்கியது. எல்லாக் குழந்தைக்கும் இறங்கும், பிறகு ஏறும் என்று துருவி சொல்லியும் பட்டனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சொல்வது துருவி ஆயிற்றே; முன்பும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவள்தானே. அந்த நினைப்பு பட்டனின் கண்ணில் ஓடி மறைவதை அண்ணன் பார்த்தார். துருவியும் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிற நாள். அண்ணன் தைத்த சட்டை குழந்தையின் தோளில் நிற்காமல் நழுவியது. அதைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். துருவி தராசில் வெறும் துணியை விரித்து, எண்கள் எல்லாம் பூஜ்யமாகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு குழந்தையை வைத்தாள். கால் உதைப்பில் எண் ஏறி இறங்கித் துள்ளியது. துருவி ஓரடி நகர்ந்து, பட்டனுக்கு இடம் விட்டாள்.

"நீயே படிம்மா."

பட்டன் குனிந்தாள். காஜாவுக்கு இழை எண்ணுகிற கண். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ரெண்டு... அஞ்சு... எட்டு... பூஜ்யம்."

பட்டன் நிமிர்ந்து துருவியைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"எடுத்துட்டு, பூஜ்யம் ஆக்கிட்டு, இன்னொரு தடவை வையுங்க அக்கா."

"வைக்கிறேன்" என்றாள் துருவி. குழந்தையைத் தூக்கி அதன் தாயின் கையில் கொடுத்துவிட்டு, தராசை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.